கேமரா படம் திக்கினால் எதைக் குறைப்பது?

போன வைகாசியில் ஒரு விடிகாலை, தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டின் வாசல் தூணை ஒரு தண்ணீர் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனது. தூணின் தலையில் இருந்த கிரானைட் உருண்டை சாக்கடையில் கிடந்தது. வாசலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, பக்கச் சந்துக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று என்று நான்கு கேமரா மாட்டிய வீடு அது. அத்தான் பதிவைத் தேடி எடுத்துச் சென்னையில் இருக்கும் எனக்கு அனுப்பினார். லாரி வருகிறது, ஆனால் லாரியாக வரவில்லை, நீலச் சதுரங்களின் குவியலாக வருகிறது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து சாம்பல் கட்டங்கள். லாரி கடந்து இரண்டு விநாடி ஆன பிறகு, முந்தின நாள் போட்ட கோலம் மட்டும் இழை இழையாகத் தெளிந்து வந்தது.

"கேமரா மட்டம் போலிருக்கிறது, மாற்றிவிடலாமா?" என்று அத்தான் கேட்டார்.

மாற்றவில்லை. கேமரா நல்ல கேமராதான். அதற்குள் எழுதியிருந்த எண்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. படம் நின்று நின்று வருகிறது, கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புலம்பும் பல வீடுகளில் இதுதான் நிலை. எதையாவது குறைத்தால் சரியாகிவிடும் என்பது உண்மை. எதைக் குறைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. அந்த யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

வாசல் கேமராவின் மெயின் ஸ்ட்ரீமில், அதாவது பதிவுக்குப் போகும் ஓடையில், இருந்த எண்கள் இவை: ரெசல்யூஷன் என்ற புள்ளிக் கணக்கு 2560க்கு 1440, அதாவது 4 மெகாபிக்சலுக்குச் சற்றே குறைவு. விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம். பிட்ரேட், அதாவது விநாடிக்குச் செலவாகும் தரவு, 1024 கேபிபிஎஸ் (கிலோபிட்). மாட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்தான் வாங்குவோம், ஆனால் இருபது நாளாவது பதிவு நிற்க வேண்டும் என்று கேட்டது வீட்டார்தான். 1024 கேபிபிஎஸ் என்பது ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு மெகாபிட்); அது ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 10.8 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 43 ஜிபி. 1 டெராபைட்டில் 23 நாள் நிற்கும். கேட்டதைக் கொடுத்திருக்கிறார். அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

விட்டுக்கொடுத்தது என்னவென்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். 1024ஐ 25ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 41 கிலோபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 5 கிலோபைட். முப்பத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை 5 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டும். அதே அளவு புகைப்படம் ஒன்றைச் செல்போனில் எடுத்தால் சில நூறு கிலோபைட்டாவது பிடிக்கும். பிறகு எப்படிச் சாதாரண நேரத்தில் படம் பளிச்சென்று தெரிகிறது? கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக அனுப்புவதில்லை. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒரு முழுப் படம், அதற்கு ஐ ஃபிரேம் என்று பெயர். இடையில் வருபவை எல்லாம் முந்தைய படத்திலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். யாரும் இல்லாத வாசலில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? 5 கிலோபைட் தாராளம். லாரி வந்தால் முக்கால் படம் மாறுகிறது. குறிப்பு எழுத இடம் போதாமல் கேமரா விவரத்தை வழித்தெறிந்துவிட்டுக் கட்டங்களைப் போடுகிறது. ஆக, ஒன்றும் நடக்காத இருபத்துமூன்று மணி நேரத்தை அழகாகப் பதிந்துவிட்டு, ஏதாவது நடக்கும்போது கையை விரிக்கும் ஏற்பாடு அது.

எண்களை மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் எதைத் தொட்டாலும் குருட்டாம்போக்குதான். கேமராக்களின் பதிவை வைத்திருக்கும் பெட்டியான என்விஆரில் நேரடியாக மானிட்டரையோ டிவியையோ இணைத்து, செல்போனில் திக்கிய அதே நிமிடத்தின் பதிவை அதில் ஓட்டிப் பாருங்கள். பதிவு சுத்தமாக ஓடினால் கேமராவிலும் கேபிளிலும் பழுதில்லை. வீட்டிலிருந்து வெளியே போகும் இணைய வழியிலோ பார்க்கிற செல்போனிலோதான் நெருக்கடி. பதிவும் திக்கினால், கேமராவுக்கும் என்விஆருக்கும் நடுவில் ஏதோ கசிகிறது. பதிவு திக்காமல் ஓடி, அசைவு வரும்போது மட்டும் கட்டம் கட்டமானால் அது லாரி கதை, பிட்ரேட் பற்றாக்குறை. படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாக வழிந்து, சில விநாடிகளில் தானாகச் சரியானால், வழியில் தரவுப் பொட்டலங்கள் தொலைகின்றன. பகலில் ஒழுங்காக இருந்து, இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் செட்டிங்ஸுக்குள் போகவே வேண்டாம்: அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்சாரம் கூடுகிறது, அடாப்டரோ மெல்லிய கேபிளோ அதைத் தாங்கவில்லை. ஒரு முழு மாலையை மென்பொருளில் தொலைத்த பிறகுதான் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் போலச் சுட்டது. அது பக்கச் சந்து கேமரா.

இனி யோசனைகளுக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் சொல்வது ரெசல்யூஷனைக் குறைக்கச் சொல்லி. 4 மெகாபிக்சலை 1080பி (1920க்கு 1080) ஆக்கினால் புள்ளிகள் கிட்டத்தட்ட 44 சதவீதம் குறையும், அதே பிட்ரேட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்சம் கூடுதல் பங்கு கிடைக்கும். பிட்ரேட்டைக் கூட்ட வழியே இல்லை என்றால் இது நியாயமான முடிவு. பட்டினி கிடக்கும் 4 மெகாபிக்சலைவிட வயிறு நிறைந்த 2 மெகாபிக்சல் மேல். ஆனால் இதில் இழப்பது திரும்பி வராது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஒன்று இருக்கிறது, 62676 என்ற எண் கொண்டது. ஒரு காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்பதை வைத்து அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு கணக்குச் சொன்னது. யாரோ வந்திருக்கிறார் என்று அறிய 25 புள்ளி. தெரிந்த ஆள் இன்னார் என்று சொல்ல 125. முன்பின் தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250. அக்கா வீட்டில் இருப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். கேட் ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் அந்த லென்ஸ் 15 மீட்டர் அகலத்தை விழுங்குகிறது. 2560ஐ 15ஆல் வகுத்தால் மீட்டருக்கு 170. 1920 என்றால் 128. இரண்டுமே 250ஐத் தொடவில்லை! 1080பிக்குப் போனால் பால்காரரைப் பால்காரர் என்று சொல்லும் எல்லையில் ஊசலாடும், அவ்வளவுதான். நம்பர் பிளேட் தெரியும் என்ற வாக்குறுதி கணக்கிலேயே நிற்கவில்லை. அது உண்மையில் வேண்டுமானால் 4 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமராவைத் தெருவுக்கு மாட்டியிருக்க வேண்டும். அதே தூரத்தில் அது 10, 11 மீட்டர்தான் பார்க்கும், மீட்டருக்கு 230ஐத் தாண்டி 250ஐ நெருங்கும். மெகாபிக்சலைக் கேட்டு வாங்குகிறோம், லென்ஸை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது யோசனை ஃபிரேமைக் குறைப்பது. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் சுருங்கும், "படம் துள்ளுமே" என்பார்கள். துள்ளும்தான். ஆனால் வாசல் கேமராவில் யாரும் கிரிக்கெட் பார்ப்பதில்லை. விநாடிக்கு 25 படத்தில் ஒருவர் கேட்டைத் திறந்து திண்ணை வரை வருவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் விழுகின்றன. 12 ஆக்கினால் அறுபது விழும். அறுபதில் ஒன்றிலாவது முகம் தெரியாமல் போனால், நூற்றிலும் தெரிந்திருக்கப் போவதில்லை. கிடைக்கும் ஆதாயமோ பெரிது: அதே பிட்ரேட்டில் ஒரு படத்துக்கான பங்கு இரண்டு மடங்காகிறது. வீட்டுக் கேமராவுக்கு ரெசல்யூஷனில் கை வைப்பதற்கு முன்னால் ஃபிரேமில் கை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. 10, 12, 15 எதுவாக இருந்தாலும் சரி. விதிவிலக்கு, வேகமாக வண்டிகள் ஓடும் சாலையைப் பார்த்தபடி மிக அருகில் இருக்கும் கேமரா. அங்கே ஒரு பைக் இரண்டே படத்தில் கடந்துவிடக்கூடும்.

ஃபிரேமை மாற்றினால் ஐ ஃபிரேம் இடைவெளியையும் மாற்ற வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 25 ஃபிரேமுக்கு 50 என்று வைத்திருந்தால் இரண்டு விநாடிக்கு ஒரு முழுப் படம். ஃபிரேமை 12 ஆக்கிவிட்டு 50ஐ அப்படியே விட்டால் நான்கு விநாடிக்கு மேல் ஆகிவிடும். நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அடுத்த முழுப் படம் வரும் வரை சாம்பல் வழிசல்தான். செல்போனில் கேமராவைத் தொட்டதும் படம் வரத் தாமதமாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். முழுப் படம் ஒன்று வந்தால்தான் செல்போனால் தொடங்க முடியும். ஃபிரேம் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு என்று வைத்துவிட்டால் தொல்லையில்லை.

ஃபிரேமுக்கும் ஷட்டருக்கும் தொடர்பு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை இரண்டும் வேறு: ஷட்டர் என்பது ஒரு படத்துக்கு வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்ற கணக்கு. இருட்டில் கேமரா தானாக ஷட்டரை 1/25 விநாடி வரை திறந்து வைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி அந்த நேரத்தில் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. நம்பர் பிளேட்டின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளைக் கோடாகிவிடும். 8 மெகாபிக்சல் கேமரா வாங்கினாலும் அந்தக் கோடு அகலமாகத் தெரியுமே ஒழிய எழுத்தாகாது. ஷட்டரைக் கையால் 1/100க்கு வைத்தால் நகர்வு ஐந்தரை சென்டிமீட்டராகச் சுருங்கும். படம் இருட்டும், தெருவிளக்கு இருக்கிற தெருவில் தாங்கலாம், இல்லாத தெருவில் கஷ்டம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 இரண்டும் விளக்கோடு ஒத்துப்போகும். சில கேமராக்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 60 ஹெர்ட்ஸில் இருக்கும். படத்தில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஊர்ந்தாலோ டியூப்லைட் துடித்தாலோ அந்த ஓர் அமைப்பை மாற்றினால் போதும், வேறு வைத்தியம் வேண்டாம்.

அடுத்தது பிட்ரேட். இதில் எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதுதான் முக்கியம். சிபிஆர் என்றால் அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு. விபிஆர் என்றால் அசைவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். நாம் ஓர் உச்சவரம்பு மட்டும் சொல்கிறோம். ஹார்ட் டிஸ்க்குக்குக் கேபிளில் போகும் மெயின் ஸ்ட்ரீமுக்கு எனக்கு விபிஆர்தான் பிடித்திருக்கிறது. 4096 என்று உச்சவரம்பு வைத்தால், யாரும் இல்லாத நேரத்தில் அதில் கால்பங்குகூடச் செலவாகாமல் ஓடுகிறது. லாரி வரும்போது முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. 12 ஃபிரேமோடு சேர்த்துப் பார்த்தால், முன்பு 5 கிலோபைட்டில் முடங்கிய ஒரு படத்துக்கு நெருக்கடி நேரத்தில் 40 கிலோபைட்டுக்கு மேல் கிடைக்கிறது. எட்டு மடங்கு. இரவில் மட்டும் கணக்கு கொஞ்சம் புரளும்: இருட்டில் படத்தில் மினுக்கும் புள்ளி இரைச்சலையும் கேமரா அசைவென்று நினைத்து பிட்ரேட்டைத் தின்னும். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அகச்சிவப்பு வெளிச்சத்தில் வலை வெள்ளைத் திரையாக ஆடும். கேமராவுக்கு மாதம் ஒரு முறை ஒட்டடை அடிப்பதும் செட்டிங்ஸில் சேர்த்திதான்.

சிபிஆருக்கும் இடமுண்டு. வழி குறுகலாக இருக்கும் இடத்தில், அதாவது இணையத்தில் வெளியே போகும் ஸ்ட்ரீமுக்கும் வைஃபை கேமராவுக்கும், திடீரென்று ஏறாத பிட்ரேட்தான் பாதுகாப்பு.

வீடியோவைச் சுருக்கும் முறைகளில் எச்.264ஆ, எச்.265ஆ என்ற வழக்கு நீண்ட நாளாக நடக்கிறது. முன்னது 2003இல் வந்த முறை, பின்னது 2013இல் வந்தது. அதே தரத்தைப் பாதி பிட்ரேட்டில் தருவதுதான் எச்.265இன் நோக்கம். எல்லாக் காட்சியிலும் முழுப் பாதி மிச்சமாவதில்லை. ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் நாள்கணக்கு கூடுவது கண்கூடு. பிரித்துக் காட்டும் கருவிக்குத்தான் கூடுதல் உழைப்பு. அம்மாவின் பழைய டேப்லெட்டில் எச்.265 கேமராவைத் தொட்டால் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். குரோம் பிரவுசர்கூட 2022இல்தான் இதை ஏற்றுக்கொண்டது, அதுவும் கணினியின் சிப்பில் அதற்கான வசதி இருந்தால். அதனால் பதிவுக்கு எச்.265, பார்வைக்கு எச்.264 என்று பிரித்துவிட்டேன். இவற்றுக்குப் பின்னால் பிளஸ் குறியோ ஸ்மார்ட் என்ற அடைமொழியோ போட்ட வகைகள் உண்டு. அவை அசைவில்லாத நேரத்தில் ஐ ஃபிரேம் இடைவெளியைத் தம் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்தும். ஒரே நிறுவனத்தின் கேமராவும் என்விஆரும் என்றால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். கேமரா ஒன்று, என்விஆர் வேறொன்று என்றால் பதிவை முன்னும் பின்னும் ஓட்டும்போது தாவும். கோளாறு தேடும்போது முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும் வரை பல கேமராக்களில் மற்ற எண்களை மாற்றவே விடாது.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "செல்போனில் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பதுதான் உங்கள் குறை என்றால், மேலே சொன்ன எதுவுமே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். சப் ஸ்ட்ரீம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கேமரா ஒரே நேரத்தில் இரண்டு ஓடை விடும்: பெரியது பதிவுக்கு, சின்னது பார்வைக்கு. அக்கா வீட்டின் இணைய இணைப்பில் மாலையில் வெளியே போகும் வேகம் 3 எம்பிபிஎஸ் தாண்டாது. நான்கு கேமராவையும் மெயின் ஸ்ட்ரீமில் திறந்தால் எப்படிப் போகும்? சப் ஸ்ட்ரீமை 640க்கு 360, 10 ஃபிரேம், 384 கேபிபிஎஸ், எச்.264, சிபிஆர் என்று வைத்தேன். நான்கும் சேர்ந்து ஒன்றரை எம்பிபிஎஸ். சென்னையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே பார்க்கிறேன், தடையில்லை. கேட் பக்கம் மீட்டருக்கு 43 புள்ளிதான் விழுகிறது. யாரோ வந்திருக்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் அந்த ஒரு கேமராவை மட்டும் எச்டி பொத்தானைத் தொட்டுப் பெரிதாக்கலாம். சப் ஸ்ட்ரீமைத் தொடாமல், செல்போனில் ஓடுவதற்காக மெயின் ஸ்ட்ரீமைக் குறைப்பதுதான் நான் பார்த்தவற்றிலேயே மோசமான முடிவு. பதிவைக் கெடுத்துப் பார்வையைச் சரிசெய்வது அது. அக்கா வீட்டில் 1024 என்று முதலில் போட்டதற்கு ஹார்ட் டிஸ்க் ஒரு காரணம், இது இன்னொரு காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. செல்போனில் நன்றாக ஓடுகிறதா என்று காட்டிவிட்டுத்தானே பணம் வாங்க முடியும்?

செல்போனில் பார்க்க இன்னொரு குறுக்குவழியும் சொல்லித் தருவார்கள்: ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து கேமராவை நேரடியாக இணையத்துக்குக் காட்டுவது. வேகம் கிடைக்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. மாற்றாமல் விட்ட கடவுச்சொற்கள்தான் அதற்குக் கதவு. வீட்டு வாசலைக் காட்டும் கருவியின் வாசலைத் திறந்து வைக்க வேண்டாம். தயாரிப்பாளரின் செயலி மெதுவாக இருந்தால் ரௌட்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனிவழி, போட்டுக்கொள்ளலாம்.

பதிவை அசைவு இருக்கும்போது மட்டும் வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் மிச்சமாகாதா என்று அக்கா கேட்டாள். ஆகும். ஆனால் தென்னை ஓலை ஆடினாலும் பல்லி ஓடினாலும் அசைவுதான், கேமரா தூங்கிவிட்டு எழுவதற்குள் நிகழ்வின் முதல் இரண்டு விநாடி போய்விடுவதும் உண்டு. யாரும் வராத பக்கச் சந்துக்கு அப்படி வைத்தோம், அசைவுக்கு முந்தைய ஐந்து விநாடியும் சேர்ந்து பதிவாகும்படி. வாசலுக்கும் தெருவுக்கும் முழு நேரப் பதிவு. புது எண்களில் 23 நாள் 13 நாளாகச் சுருங்கிவிட்டது. அத்தானுக்கு முதலில் மனமில்லை. "பதின்மூன்று நாளுக்கு முன்னால் நடந்ததை எப்போதாவது தேடியிருக்கிறீர்களா, அத்தான்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஒரு தடவை பூனையைத் தேடியதாகச் சொன்னார்.

மிச்சம் இருப்பது கொல்லை. அங்கே இருப்பது வைஃபை கேமரா, இதற்குச் செட்டிங்ஸில் தீர்வு இல்லை என்று எனக்கு இப்போது உறுதியாகிவிட்டது. ரௌட்டர் கூடத்தில் இருக்கிறது; நடுவில் அடுக்களைச் சுவர், அதில் ஸ்டீல் அலமாரி, அதற்கப்பால் கான்கிரீட் தொட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு துளைக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அதுவும் செய்யாது, பல வைஃபை கேமராக்களுக்கு 5 தெரியவும் தெரியாது. கேமரா செயலியில் சிக்னல் மைனஸ் 78 என்று காட்டியது. மைனஸ் 65க்கு மேல், அதாவது பூஜ்ஜியத்துக்கு இன்னும் பக்கத்தில், இருந்தால்தான் வீடியோவுக்கு நிம்மதி. முதலில் பக்கத்து வீடுகள் எல்லாம் மொய்த்திருந்த சேனல் 6ஐ விட்டு 11க்கு மாறினேன். கொஞ்சம் தேறியது. பிறகு என்விஆரில் அந்தக் கேமராவுக்கு மட்டும், தரவை அனுப்பும் முறையாக யுடிபிக்குப் பதில் டிசிபி தேர்ந்தெடுத்தேன். யுடிபி தொலைந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்காது, அதனால்தான் சாம்பல் வழிசல். டிசிபி கேட்டு வாங்கும், அதனால் வழிசல் நின்றது. பதிலுக்குப் படம் இரண்டு மூன்று விநாடி பின்தங்கி, அவ்வப்போது உறைந்து, பிறகு தாவுகிறது. ஒரு நோயைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதுதான் மிச்சம். 1080பி, 8 ஃபிரேம், 768 கேபிபிஎஸ் வரை இறக்கிப் பார்த்தாயிற்று, மழை நாளில் அதுவும் நிற்கிறது.

வைஃபை ரிப்பீட்டர் வாங்கலாம், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் அதே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுப்பதால் வேகம் பாதியாகிறது. அதற்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், அது மின்வெட்டில் அணையும். கேபிள் இழுப்பதுதான் ஒழுங்கான வேலை. கேட் 6 (Cat 6) என்ற வகை நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், கொல்லைக்கு முப்பது மீட்டர்கூட ஆகாது, பிஓஇ கேமரா என்றால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும், தனி அடாப்டர் கிடையாது. என்விஆருக்கு யுபிஎஸ் இருந்தால் கரண்ட் போனாலும் கொல்லை தெரியும். கடையில் கேட்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். சிசிஏ என்று விலை குறைவாக ஒன்று தருவார்கள், அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். தரவு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் இரவில் விளக்கு எரியும்போது மின்சாரம் தடுமாறும். பிறகு மறுபடியும் செட்டிங்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கேபிள் வாங்கியாயிற்று. எந்தச் சுவரில் துளை போடுவது என்பதில்தான் வேலை நிற்கிறது. கூடத்திலிருந்து கொல்லைக்கு நேர்வழி பூஜை அறைச் சுவர் வழியாக. அம்மா அதில் டிரில் வைக்கவே விடமாட்டேன் என்கிறாள். சன்ஷேடை ஒட்டி மாடிப்படியைச் சுற்றிக் கொண்டுபோனால் இன்னும் இருபது மீட்டர் கூடும். நேற்று அக்கா அளவெடுக்க டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கொல்லைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பை நீட்டிய கையோடு படம் உறைந்துவிட்டது.